மெசினின் இடது கையை யார் திருத்துவது?

கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்கு வெட்டு மெசினைப் பற்றி என்ன கதை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். எங்களில் ஒருவர் புவியியல், ஒருவர் வரலாறு, இரண்டு பேர் தமிழ். எஞ்சின் அறிவு மோட்டார் சைக்கிளுக்கு ஒயில் மாத்துறதோட நிற்கிறது. ஆனால் போன தை மாதக் கடைசியில் கண்டாவளைப் பக்கம் நண்பன் வீட்டு வயலில் ஒரு பகல் முழுக்க நின்றோம். அதுக்குப் பிறகு இதை எழுதாமல் இருக்க ஏலாமல் போயிற்று.

அரிவு வெட்டுக்கு ஒரு கிழமை இருக்கேக்க மழை பெய்தது. கதிர் முத்திப் பாரமாகி நின்ற நேரம். மூன்று ஏக்கரில் கிட்டத்தட்ட ஒரு ஏக்கர் பாய் விரித்த மாதிரி விழுந்து கிடந்தது. சேறு இறுகும்வரை பார்த்திருந்து, மெசினுக்குச் சொல்லி, அது பக்கத்து வெளியில் வெட்டி முடித்து வர இன்னும் மூன்று நாள். வந்து, நின்ற நெல்லை அழகாக வெட்டியது. விழுந்த பக்கத்துக்கு வந்ததும்தான் கதை மாறியது. மெசின் போன வழியில் தாள் பாதி வெட்டுப்பட்டும் பாதி அமுங்கியும் கிடந்தது. கதிர்கள் கதிராகவே நிலத்தில் கிடந்தன. நண்பனின் அப்பா ஒரு உரப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு மெசினுக்குப் பின்னால் நடக்கத் தொடங்கினார்.

ஒரு சுற்று முடிந்ததும் அவர் கையைக் காட்டி மெசினை நிறுத்தினார்.

"தம்பி, அந்த ரீலை இன்னும் கொஞ்சம் முன்னுக்கு விட்டு இறக்கினால் தூக்குமல்லோ?"

"ஐயா, இறக்கிறதெண்டால் இருந்தபடியே இறக்கலாம். முன்னுக்கு விடுறதெண்டால் எஞ்சினை நிப்பாட்டி ரெண்டு பக்கமும் போல்ட் கழட்டோணும். பின்னேரத்துக்குள்ள இன்னும் ரெண்டு இடம் கிடக்கு."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. மெசின் திரும்பவும் ஓடியது. அந்தப் பெடியன் திமிராகக் கதைத்தான் என்று நினைக்கவேண்டாம். விடிய ஐந்து மணிக்கு எழும்பி, தூசுக்குள்ளே இருந்து, எத்தனை ஏக்கர் ஓடினானோ அத்தனைக்குத்தான் அவனுக்குக் காசு. மெசின் அவனுடையதும் இல்லை. அவன் சொன்னதில் பொய்யும் இல்லை: அந்த மெசினில் ரீலை முன்பின் நகர்த்த ஒரு சாவியும் இரண்டு பேரும் கொஞ்ச நேரமும் வேணும்.

இந்த ரீல் என்ன என்று தெரியாதவர்களுக்காக. அரிவாளால் வெட்டும் ஒருவரைப் பார்த்திருக்கிறீர்களா? எங்கட அம்மம்மாமார் வெட்டினவை. எங்களில் சிலர் சின்ன வயதில் பார்த்திருக்கிறோம். எல்லாரும் அரிவாள் பிடித்த வலது கையைத்தான் பார்ப்பார்கள். வேலையில் பாதி இடது கையில் இருக்கிறது. அந்தக் கைதான் தாளைக் கூட்டிப் பிடிக்கும். நின்ற நெல்லுக்கு ஒரு பிடி, விழுந்த நெல்லுக்கு வேறு பிடி: விரலைத் தாளுக்குக் கீழே கொடுத்து, சாய்ந்த பக்கம் பார்த்துத் தூக்கி, உதறாமல் அணைத்துப் பிடிப்பார்கள். ஒவ்வொரு பிடிக்கும் அளவு மாறும். கையே கண்டு கையே திருத்திக்கொள்ளும்.

மெசினில் வலது கை என்பது கீழே இடமும் வலமும் ஓடும் வெட்டுவாள். இடது கைதான் ரீல்: முன்னால் சுழலும் அந்தப் பெரிய சட்டம், கம்பி விரல்களோடு. அது தாளைப் பிடித்து வாளுக்குச் சாய்த்துக் கொடுக்கிறது. வெட்டுப்பட்டது பின்னால் உள்ள திருகு உருளையில் விழ, அது நடுவுக்குக் கூட்டிக்கொண்டுவர, ஏற்றுச் சங்கிலி அதை மேலே இழுத்து அடிக்கிற ட்ரம்முக்கு ஊட்டுகிறது. எங்கட வயல்களில் ஓடும் சங்கிலிச் சில்லு மெசின்கள் ஏறத்தாழ 2 மீற்றர் அகலத்துக்கு வெட்டுபவை. அந்த 2 மீற்றர் வாய்க்குள் பயிர் எப்படிப் போகிறது என்பதில்தான் மிச்சம் எல்லாம் தங்கியிருக்கிறது.

ரீலுக்கு நாலு விதமான திருத்தம் உண்டு. உயரம், முன்பின் நகர்வு, சுழலும் வேகம், கம்பி விரல்களின் சாய்வு. நின்ற பயிருக்கு ரீல் கதிருக்குச் சற்றுக் கீழே தட்டினால் போதும். விழுந்த பயிருக்கு அதை நன்றாக இறக்கி, வாளுக்கு முன்னால் நீட்டி, விரல்களைப் பின்பக்கமாய்ச் சாய்த்து, தாளின் அடியில் போய்த் தூக்குகிற மாதிரி வைக்கவேணும். வேகம் இன்னும் நுட்பமான விஷயம். ரீலின் விளிம்பு மெசின் ஓடும் வேகத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சுழலவேணும். மிகக் கூடினால் கதிரை அடித்து உதிர்த்துவிடும். அந்த நெல் வாளுக்கு வரமுன்னமே நிலத்தில். குறைந்தால் தாள் முன்பக்கம் தள்ளுப்பட்டு, வெட்டுப்பட்ட பிறகு உள்ளே வராமல் வெளியே விழும். சாரதி சேற்றைக் கண்டு மெசினை மெதுவாக்கினால் ரீலும் அதற்கேற்ப மெதுவாகவேணும். பல சின்ன மெசின்களில் அதற்கு பெல்ட்டையோ புள்ளியையோ மாற்றவேண்டியிருக்கிறது. அறுவடைக்கு நடுவில் அதை யார் மாற்றப் போகிறார்கள்?

ஊட்டல் சீரில்லாமல் போனால் சேதம் முன்பக்கத்தோடு நிற்காது. விழுந்த தாள் கட்டியாய்த் திரண்டு ஒரேயடியாக உள்ளே போகும்போது ட்ரம் திணறும். கதிர் முழுக்க அடிபடாமல் வைக்கோலோடு வெளியே போகும். சல்லடை நிரம்பி நெல்லும் சேர்ந்து வழியும். அடுத்த நிமிடம் உள்ளே ஒன்றும் இல்லாமல் வெறும் ஓட்டம். மெசினுக்குப் பின்னால் கிடக்கிற நெல்லைக் கண்டு காற்றாடியைக் குறை, சல்லடையைத் திற என்று சத்தம் போடுவார்கள். வருத்தம் வாயில் இருக்கும்போது வயிற்றுக்கு மருந்து கொடுக்கிற வேலை அது.

இதற்கு மேல் எங்கட பயிரின் குணம் ஒன்று இருக்கிறது. ஒரே வெளியில் ஒருவர் ஆட்டக்காரி போட்டிருப்பார், பக்கத்து வரம்பில் அற் 362, அதற்கு அங்கால் வீட்டுச் சோற்றுக்கென்று கொஞ்சம் மொட்டைக்கறுப்பன். உயரம் ஒன்றில்லை, தாளின் பலம் ஒன்றில்லை. பெரும்பாலும் வீச்சு விதைப்பு என்பதால் ஒரே வயலுக்குள்ளேயே அடர்த்தி மாறும். அதற்குமேல் மழை. ஆனால் மெசின் காலையில் வைத்த அளவிலேயே இரவுவரை ஓடுகிறது. இத்தனை வேறுபாட்டுக்கு ஒரே பிடி. எந்த அம்மம்மாவும் இப்படி வெட்டியிருக்க மாட்டா.

அன்று பின்னேரம் நாங்கள் ஒரு வேலை செய்தோம். நாலு தடியை ஒரு மீற்றருக்கு வெட்டி, சதுரமாகக் கட்டி, விழுந்த நெல் வெட்டின இடத்தில் போட்டு, உள்ளே கிடந்த நெல்மணிகளை எண்ணினோம். கதிராய்க் கிடந்ததையும் உருவி எண்ணினோம். முந்நூறு தாண்டியதும் முதுகு நொந்து விட்டுவிட்டோம். கணக்கு சுலபம். நாட்டரிசி நெல் 1000 மணி ஏறத்தாழ 25 கிராம் என்று வைத்தால், 40 மணி ஒரு கிராம். ஒரு ஏக்கர் ஏறத்தாழ 4,047 சதுர மீற்றர். ஆக, சதுர மீற்றருக்கு 40 மணி கிடந்தால் ஏக்கருக்கு 4 கிலோ. 300 மணி என்றால் 30 கிலோ. நாங்கள் எண்ணி முடிக்காததையும் சேர்த்தால் அதற்கு மேல். நண்பனின் அப்பா கணக்கைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "குருவிக்கும் கொஞ்சம் கிடக்கட்டும்." அவர் அப்படித்தான். ஆனால் அந்தப் போகத்துக்கு உரமும் எண்ணெயும் கடனுக்கு எடுத்தது என்பதும் எங்களுக்குத் தெரியும். குருவிக்கு எவ்வளவு விடுவது என்பதை அவரல்லவா தீர்மானிக்கவேணும்? அன்று அதை ஒரு போல்ட் தீர்மானித்தது.

இங்கேதான் எங்கட வாதம் இருக்கிறது. திருத்தம் சாரதியின் கையில். சிந்தின நெல் கமக்காரரின் கணக்கில். ஏக்கர்க் கணக்கில் காசு என்றால் நிறுத்தித் திருத்துகிற ஒவ்வொரு நிமிடமும் சாரதிக்கு நட்டம். மணித்தியாலக் கணக்கு என்றால் அதே நிமிடம் கமக்காரருக்கு நட்டம், அவரே "விடு தம்பி, ஓடு" என்று சொல்லிவிடுவார். ஆக, எந்தக் கணக்கில் கொடுத்தாலும் ரீல் அசையாது. மெசினைத் திருத்தலாம் என்று விற்கிற கைநூலில் இருக்கிறது. திருத்துவதற்கு யாருக்கும் காரணம் இல்லாதபடி வேலை ஒழுங்கு இருக்கிறது. எங்கட ஆக்கள் "புது மெசின் வந்தால் சரிவரும்" என்கிறார்கள். புது மெசினிலும் அதே போல்ட் இருந்தால் என்ன வரும்?

ஆகவே ஊட்டல் பகுதியை மேம்படுத்துவது என்றால் நாங்கள் முதலில் கேட்பது ஒன்றே ஒன்று: திருத்துவதற்கான நேரத்தைக் குறையுங்கள். இருக்கையில் இருந்தபடி ஒரு நெம்பைத் தட்டினால் ரீல் முன்னுக்குப் போகவேணும். ஐந்து செக்கனில் முடிகிற வேலையைச் செய்ய யாரும் பஞ்சிப்பட மாட்டார்கள். ஐரோப்பா, வட அமெரிக்காவின் பெரிய மெசின்களில் ரீலின் உயரம், முன்பின் நகர்வு, வேகம் மூன்றும் சாரதியின் விரலடியில் வந்து கனகாலம். ஓடும் வேகத்துக்கு ஏற்ப ரீல் வேகம் தானாக மாறும் ஒழுங்கும் அவற்றில் உண்டு. 2 மீற்றர் வாய் உள்ள சின்ன மெசினுக்குத்தான் இன்னும் சாவியும் போல்ட்டும்.

இது பெரிய கம்பனிகளின் ஆய்வுகூடத்தில் மட்டும் நடக்கிற காரியம் என்று நினைத்தால், ஹெட்லி டெய்லரின் கதையைப் பாருங்கள். அவுஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் ஹென்டி என்ற ஊரில் கோதுமை விதைத்த ஒரு விவசாயி. அங்கே அப்போது ஓடிய மெசின்கள் கதிரைச் சீப்பால் உருவி எடுப்பவை. பயிர் நேராய் நின்றால் நல்ல வேலை, விழுந்துவிட்டால் கைவிரித்துவிடும். டெய்லர் பொறியியல் படித்தவர் இல்லை. தன்ர பட்டறையில் இருந்து, வாளும் திருகும் சேர்ந்த ஒரு முன்பகுதியைச் செய்தார், விழுந்த தாளைத் தூக்கிக் கொடுக்கும் விரல்களோடு. 1914 அளவில் அது ஒழுங்காக வேலை செய்தது. 1916இல் எச்.வி. மக்கேயின் கம்பனி அதன் உரிமையை வாங்கி, அவரையும் வேலைக்கு எடுத்தது. 1920இல் புயல் விளைந்த கோதுமையைச் சாய்த்தபோது எல்லாரும் தேடியது இந்த மெசினைத்தான். விழுந்த பயிருக்குப் பின்னால் நடந்த ஒருவர்தான் அந்த வாயைத் திருத்தினார். வரலாறு படிக்கிற எங்கட ஆள் இந்தப் பந்தியை விடமாட்டன் என்று அடம்பிடித்துச் சேர்த்தது. சேர்த்தது நல்லது என்றே இப்ப தோன்றுகிறது.

ஜப்பான்காரர் வேறு வழியில் போனார்கள். 1960களிலிருந்து அவர்கள் செய்த நெல் மெசின்கள் முழுத் தாளையும் விழுங்குவதில்லை. சங்கிலி தாளைப் பிடித்துக்கொள்ள, கதிர் மட்டும் ட்ரம்முக்குள் போகும். வைக்கோல் முறியாமல் வெளியே வரும். முன்னால் நிமிர்ந்து நிற்கும் விரல்கள் விழுந்த தாளைத் தூக்கி நிறுத்தித்தான் வாளுக்குக் கொடுக்கும். கதிர் எவ்வளவு ஆழத்துக்கு உள்ளே போகவேணும் என்பதைப் பயிரின் உயரத்தை உணர்ந்து மெசினே கூட்டிக் குறைக்கும் ஏற்பாடும் பின்னர் வந்தது. கேட்கவே ஆசையாய் இருக்கிறது. ஆனால் அதை அப்படியே இறக்கினால் இங்கே சரிவரும் என்று நாங்கள் சொல்லமாட்டோம். அது வரிசையில் நட்ட, கதிர் லேசில் உதிராத ஜப்பான் நெல்லை மனதில் வைத்துச் செய்தது. எங்கட வீச்சு விதைப்பும் உதிர்கிற நெல்லும் வேறு. விலையும் வேறு. அங்கேயிருந்து எடுக்கவேண்டியது மெசினை இல்லை, தங்கட பயிரைப் பார்த்துத் தங்கட வாயைச் செய்த அந்தப் பிடிவாதத்தை.

எங்களுக்கு அறிவியல் நகரில் பொறியியல் பீடமும் இருக்கிறது, விவசாய பீடமும் இருக்கிறது. இரண்டும் ஒரே வளாகத்தில், சுற்றிவரக் கிளிநொச்சியின் வயல். மஹா இலுப்பள்ளமவில் விவசாயத் திணைக்களத்தின் பண்ணை இயந்திரமயமாக்கல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நாங்கள் கேட்பது ரொக்கெட் விஞ்ஞானம் இல்லை. மெசினில் ஏற்கெனவே 12 வோல்ட் பற்றரி இருக்கிறது. அதில் ஓடும் ஒரு தள்ளு மோட்டார், ரீல் கைகளில் போல்ட்டுக்குப் பதில் வழுக்கி ஓடும் ஒரு பிடி, இருக்கைக்குப் பக்கத்தில் ஒரு சுவிட்ச். சேறும் தூசும் தாங்கவேணும், கிராமத்து ஒட்டுக்கடையில் திருத்தக்கூடியதாய் இருக்கவேணும். இதை ஒரு இறுதியாண்டுத் திட்டமாக எடுக்க ஏலாதா? மோட்டார்கூட வேண்டாம், சாவியில்லாமல் கையால் இழுத்துப் பூட்டுகிற ஒரு நெம்பு வந்தாலே பாதிப் பிரச்சினை போய்விடும். வாளில் பூட்டுகிற தூக்கு விரல்களும் புதிய கண்டுபிடிப்பு இல்லை. விழுந்த வயலுக்கு மட்டும் பூட்டிக் கழற்றலாம். பொறியியல் பீட நண்பர்களே, கோபிக்காதீர்கள். நாங்கள் தெரியாமல் கதைக்கிற இடம் இருந்தால் பதில் எழுதுங்கள், இதே இடத்தில் போடுவோம்.

மெசின் திருந்தும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. ஒவ்வொரு போகத்துக்கும் முன்னம் பயிர்ச்செய்கைக் கூட்டம் நடக்கிறது. எந்தத் திகதிக்கு விதைப்பு, எந்தத் திகதிக்குத் தண்ணி என்று அங்கே பேசித் தீர்மானிக்கிறார்கள். கமக்காரர் அமைப்புகள் அங்கே இன்னொரு வரியையும் சேர்க்கலாம்: மெசின் வயலுக்குள் இறங்கினால் முதல் இருபது மீற்றர் சோதனை ஓட்டம். அதில் நிறுத்தி, மெசினைக் கொஞ்சம் பின்னுக்கு எடுத்து, வாளுக்கும் சங்கிலிச் சில்லுக்கும் இடையில் இருந்த நிலத்தில் எண்ணிப் பார்ப்பது. அங்கே கிடக்கிற நெல் ரீலும் வாளும் சிந்தினது. பின்னால் கிடப்பது ட்ரம்மும் சல்லடையும் சேர்த்துச் சிந்தினது. இன்னும் வெட்டாத இடத்திலும் ஒருக்கா எண்ணவேணும், ஏனென்றால் தானாய் உதிர்ந்த நெல்லுக்கு மெசினைக் குற்றம் சொல்லக்கூடாது. பிறகு திருத்தம். அந்த அரை மணித்தியாலத்துக்கு சாரதிக்குக் காசு உண்டு என்று முதலே பேசிவிடவேணும். விழுந்த வயலுக்குத் தனி விலை இப்பவும் கேட்கிறார்கள்தானே. அந்தக் கூடின காசு திருத்தத்துக்கான காசு என்று இரண்டு பக்கமும் விளங்கிக்கொண்டால் போதும்.

இன்னொன்று மொழி. கைநூல் ஆங்கிலத்தில் வருகிறது. மெசின்கள் போகத்தோடு மாவட்டம் மாவட்டமாய்ப் போகும்; வடக்குக்கு வருகிற சாரதி சிலநேரம் சிங்களம் மட்டும் தெரிந்தவர், வயல்காரர் தமிழ் மட்டும் தெரிந்தவர். "ரீலை முன்னுக்கு விடுங்கோ" என்ற ஒரு வரியைச் சொல்ல இரண்டு பேரும் கைகால் ஆட்டி நிற்பதைக் கண்டிருக்கிறோம். இரண்டு மொழியிலும் ஒரு படத்தோடு, நாலு திருத்தத்தையும் காட்டுகிற ஒரு ஒட்டுத்தாள், மெசினின் பக்கத்தில். இதற்கு விஞ்ஞானி தேவையில்லை. எங்களைப் போன்ற கலைப்பீடத்து ஆக்களே செய்யலாம். செய்யத் தொடங்கியும் விட்டோம். சிங்கள வரிகளை ஒரு வகுப்புத் தோழி பார்த்துத் தருகிறா, படம் வரைய ஆள் தேடுகிறோம்.

மெசின் வந்ததால்தான் அரிவு வெட்டுக் கூலி போனது, அதைப் பற்றி எழுதாமல் ரீலைப் பற்றி என்ன என்று எங்களுக்குள்ளேயே ஒரு சண்டை நடந்தது. கூலிக்கு வெட்டின பெண்கள் இப்ப என்ன செய்கிறார்கள் என்பது தனியாக எழுதவேண்டிய விஷயம், எழுதுவோம். ஆனால் ஒன்று சொல்லலாம். அன்று உரப்பையோடு மெசினுக்குப் பின்னால் நடந்தது நண்பனின் அப்பா மட்டும் இல்லை. பின்னேரம் வெயில் தாழ, பக்கத்து வீட்டு ஆச்சி ஒருவர் வந்து கதிர் பொறுக்கினா. ஒரு காலத்தில் அதே வெளியில் வெட்டின ஆள். எங்கட சதுரத்தைப் பார்த்து என்னவென்று கேட்டா. சொன்னோம். குனிந்து ஒரு பிடி தாளை அடியால் தூக்கிக் காட்டி, "இப்பிடி எடுத்தால் ஏன் கொட்டுது?" என்றா. நாங்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அந்தத் தடிச் சதுரம் இப்ப நண்பனின் வீட்டுக் கொட்டிலில் தொங்குகிறது. சிறுபோகத்துக்கு யாருக்கும் வேணுமெண்டால் சொல்லுங்கோ, கொண்டுவந்து தருவோம். எண்ணவும் வருவோம்.